மழை பார்க்காத குடை

என் அறையின் வடக்குச் சுவரில் ஓர் ஆணியில் குடை ஒன்று தொங்குகிறது. கறுப்புத் துணி, மூங்கில் பிடி, எட்டுக் கம்பிகள். எட்டில் இரண்டு வளைந்துவிட்டன. துணியில் பதினான்கு ஓட்டைகள். அறுபது வருடங்களுக்கு மேலாக என்னிடம் இருக்கிறது. இதுவரை ஒரு மழையைக்கூடப் பார்த்ததில்லை. வெயிலுக்கும் இதை யாரும் விரித்ததில்லை. மடக்கிய குடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவன் ஓட வேண்டும். அதற்காகவே வாங்கிய குடை இது. அந்த ஒருவன் நான். போன மாதம் வெள்ளையடிக்க வந்த ஆள், "தாத்தா, இதத் தூரப் போட்ருவமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். கழற்றி வைக்கவும் நான் விடவில்லை. அவன் குடையைச் சுற்றி வெள்ளையடித்துவிட்டுப் போய்விட்டான். இப்போது புதுச் சுவரில் குடை அகலத்துக்குப் பழைய அழுக்கு அப்படியே நிற்கிறது.

இதை வாங்கியவர் எங்கள் முதலாளி. சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவருக்குப் பட்டாசுக் கம்பெனி இருந்தது. ஐம்பதுகளின் கடைசியில், விருதுநகரில் படிப்பை முடித்த கையோடு அங்கே கிளார்க்காகச் சேர்ந்தேன். ஆட்களை எண்ணுவது, பெட்டிகளை எண்ணுவது, லோடு ஏறும்போது வாசலில் நின்று இன்னொரு முறை எண்ணுவது. எண்ணுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள வியாதி. அதற்கேற்ற உத்தியோகமும் கிடைத்துவிட்டது. முதலாளிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பருத்த உடம்பு. சர்க்கரை இருக்கிறது, தினமும் காலையில் மெதுவாக ஓடுங்கள், பேசிக்கொண்டே ஓடுகிற வேகம் போதும் என்று மதுரை டாக்டர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். தனியாக ஓட முதலாளிக்கு வெட்கம். கல்லூரியில் நான் பந்தயத்தில் ஓடியவன் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். "நீ கூட வாலே. எத்தன சுத்துன்னு எண்ணிக்கிட்டு வந்தாப் போதும்" என்றார்.

அப்போது எங்கள் பக்கத்தில் யாரும் ஓடமாட்டார்கள். இன்றைக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். கம்பெனிக்குள் ஓடக் கூடாது என்று ஷெட்டுக்கு ஷெட்டு எழுதிப் போட்டிருக்கும். கால் தடுக்கி, கையிலிருக்கும் வெடிமருந்துத் தட்டு விழுந்தால் எல்லாம் முடிந்துபோகும். அந்தப் பழக்கம் வெளியிலும் ஒட்டிக்கொண்டது. வெடிச் சத்தம் எங்களுக்கு எதற்கும் அடையாளம் இல்லை. சரக்குச் சோதனைக்காக எங்காவது வெடித்துக்கொண்டேதான் இருக்கும். புகையும் அப்படித்தான், கழிவை எரிக்காத நாள் கிடையாது. ஒரு மனிதன் ஓடினால் மட்டும் ஊர் எழுந்து நிற்கும். அவன் எங்கிருந்து ஓடி வருகிறான் என்று பார்த்து, அந்தத் திசைக்கு எல்லோரும் ஓடுவார்கள். தீ என்று அவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும், முதல் நாள் கம்பெனி வாசலிலிருந்து டீக்கடை வழியாகக் கண்மாய்க்கு ஓடினோம். டீக்கடையில் இருந்த ஒன்பது பேரும் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்கள். "எந்த ஷெட்டுலே?" என்று யாரோ கத்தினார். பாதிப் பேர் கம்பெனிப் பக்கம் ஓட, மீதிப் பேரும் தெருக்களிலிருந்து வந்தவர்களும் எங்கள் பின்னால் ஓடி வந்தார்கள். கண்மாய்க் கரையில் திரும்பிப் பார்த்து எண்ணினேன், நாற்பத்து மூன்று பேர். முன்னால் வந்தவள் எங்கள் கம்பெனியில் மருந்து கலக்குகிறவரின் மனைவி. கையில் தண்ணீர்க் குடத்தோடே ஓடி வந்திருந்தாள். முதலாளி இரண்டு கைகளையும் விரித்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. சும்மா ஓடுறோம்" என்றார்.

"சும்மாவா? சும்மா எவன்லே ஓடுவான்?" என்றார் டீக்கடைக்காரர். பிறகு யாரிடம் பேசுகிறோம் என்று நினைவு வந்து, "நீங்க இல்ல மொதலாளி, பொதுவாச் சொன்னேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். குடத்தோடு வந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க வயித்துல புளியக் கரைக்கத்தான் ஓடுனீகளா?" என்று கேட்டுவிட்டுக் குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போனாள்.

ஓட்டத்தை நிறுத்தியிருக்கலாம். நடந்திருக்கலாம். முதலாளி மறுநாள் சிவகாசியிலிருந்து இந்தக் குடையை வாங்கி வந்தார். "தீக்குப் பயந்து ஓடுறவன் குடைய எடுத்துக்கிட்டா ஓடுவான்? இதத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வா, எவனும் பதற மாட்டான்" என்றார். அவருக்கே அந்த யோசனை பிடித்துப்போய், தமுக்கு அடிக்கச் சொல்லிவிட்டார். "கம்மாக் கரையில குடையோட ஓடுறது நம்ம மொதலாளியும் கிளார்க்குமாக்கும். குடை இருந்தா ஒண்ணுமில்ல. யாரும் எந்திரிக்க வேண்டாம்!" என்று மூன்று தெருவிலும் இரண்டு இரண்டு முறை அடித்துச் சொன்னார்கள். ஆறு முறை கேட்டேன். ஆறு முறையும் வெட்கமாக இருந்தது. முடியாது என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

கண்மாயைச் சுற்றி ஓடுவது சுலபம். ஏற்றம் இறக்கம் இல்லை. மடையிலிருந்து கரைமேல் கலுங்கு வரை, என் காலடிக்கு, தொள்ளாயிரத்துப் பத்து எட்டு. தண்ணீர் நிரம்பினால் வெளியே வழியும் இடம் கலுங்கு. அங்கிருந்து கரை இல்லாத பக்கமான உள்வாயில் கருவேல மரங்களுக்கு ஓரமாக வண்டிப்பாதையில் சுற்றி, மறுபடி மடைக்கு வந்தால் மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. ஐப்பசி மழைக்குப் பிறகு அந்தத் தண்ணீரில் என்னவெல்லாம் வந்து இறங்கும்! கூழைக்கடா, செங்கால் நாரை, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், சின்னச் சின்ன முக்குளிப்பான். கருவேல மரங்களில் கூடுகள், ஒரு மரத்தில் மட்டும் பதினெட்டு. பின்பக்கம் கீரி குறுக்கே ஓடும். மயில்கள் வண்டிப்பாதையை விட்டு நகராது. கலுங்குக்குப் பக்கத்தில் ஓர் ஆள்காட்டி ஜோடி. மனிதன் வந்தால் தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தி ஊரையே கூட்டுகிற பறவை அது. முதல் வாரம் எங்கள் இருவரையும் கலுங்கிலிருந்து மடை வரை கத்திக்கொண்டே துரத்தியது. இரண்டாம் மாதம் கத்துவதை விட்டுவிட்டது. எங்களைப் பார்த்தால் நாலு எட்டு ஒதுங்கி நிற்கும், அவ்வளவுதான். எங்களை நம்பிவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

முதலாளி பறவைகளைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. வெற்றிலையை மென்றுகொண்டே ஓடுவார். ஒரு சுற்றுக்கு ஏழு முறை தண்ணீரில் துப்புவார். தாழைக்கோழி நாணலிலிருந்து எட்டிப் பார்த்தால் மண்கட்டி எடுத்து எறிவார். "இம்புட்டுக் கறி சும்மா நீந்திக்கிட்டுத் திரியுது பாரு" என்பார். ஆனால் வேடிக்கையாகப் பேசுவார், அதையும் சொல்லத்தான் வேண்டும். கூழைக்கடா ஒன்று அலகைத் திறந்ததைப் பார்த்து, "நம்ம சம்பந்தி மாதிரியே இருக்குலே, தொறந்த வாய மூட மாட்டேங்குது" என்றார். நானும் அரைச் சுற்றுக்குச் சிரித்தேன். ஒன்றரைச் சுற்றில் அவருக்கு மூச்சு வாங்கும். உட்கார்ந்துவிடுவார். மழை நாளில் ஓட்டமே கிடையாது. பதினான்கு மாதத்தில் ஒரு நாள்கூட இரண்டு சுற்றை நிற்காமல் முடித்ததில்லை. அவருடைய கறுப்புக் கார் மடைக்குப் பக்கத்தில் நிற்கும். அதுவரை என் தோளைப் பிடித்துச் சாய்ந்துகொண்டு வருவார். அவருடைய வியர்வை என் சட்டைத் தோளில் இருக்கும். அதோடுதான் ஆபீஸுக்குப் போவேன்.

விடிகாலையில் எங்களுக்கு முன்னால் வேலைக்கு வருகிற ஒரே ஆள் மருந்து கலக்குகிறவர். வெயில் ஏறுவதற்குள், குளிர்ச்சியாக இருக்கும்போதே கலவை வேலையை முடித்துவிட வேண்டும் என்பது வழக்கம். கலவை ஷெட்டு மற்ற ஷெட்டுகளை விட்டுத் தள்ளி, கரைக்குக் கீழே ஒரு மிளகாய்த் தோட்டத்துக்கு அந்தப்புறம் தனியாக நிற்கும். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அலுமினியப் பொடி படிந்து அவர் கை முழங்கை வரை வெள்ளியாக மினுங்கும். கரைக்குக் கீழே போகிற போதெல்லாம் குடையை அண்ணாந்து பார்த்து, "மொதலாளி, மழ வருமா?" என்று கேட்பார். "வராது, நீ போய் வேலையப் பாரு" என்பார் முதலாளி. தினமும் அதே கேள்வி, அதே பதில். தினமும் இருவரும் சிரிப்பார்கள்.

அன்றைக்கும் கேட்டார். தை மாதம். கண்மாய்மேல் பனி மூட்டம். இரண்டாம் சுற்றில் கலுங்குக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தோம். சத்தம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கலர் மருந்து எரிந்தால் வெடிக்காது, 'புஸ்'ஸென்று ஒரு மூச்சுதான். பனிக்குள் பச்சையாக ஒரு வெளிச்சம் வந்து போனது. பிறகு கண்மாயில் இருந்த பறவைகள் மொத்தமும் ஒரே நேரத்தில் எழுந்தன. தினமும் வெடிச் சத்தத்துக்கு அசையாமல் உட்கார்ந்திருக்கிற பறவைகள். அவற்றை நான் எண்ணவில்லை. என் வாழ்க்கையில் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

முதலாளிக்கு உடனே புரிந்துவிட்டது. "நீ ஊருக்குள்ள போயி ஆளக் கூட்டிட்டு வா. நான் கார எடுத்துக்கிட்டு அங்கன போறேன்" என்றார். நியாயமாகப் பட்டது. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்தப் பக்கத்தில் இருந்தது அந்த ஒரு கார்தான். அவர் கரைமேல் மடையை நோக்கி ஓடினார். நான் கரையிலிருந்து இறங்கி மிளகாய்த் தோட்டத்து வரப்பு வழியாக ஊரை நோக்கி ஓடினேன். தோட்டத்தில் பதினோரு பேர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் ஷெட்டுக்கும் நடுவே இருநூறு எட்டுக்கு மேல் இருக்காது. நான் கத்தினேன். கிணற்றில் ஆயில் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, காதில் விழவில்லை. ஆனால் நிமிர்ந்து பார்த்தார்கள். பதினோரு பேரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். எனக்குக் கோபம்கூட வந்தது.

டீக்கடையில் போய் நின்றபோது மூச்சிரைப்பில் பேச்சு வரவில்லை. "என்ன தம்பி, மொதலாளியப் பாதியில விட்டுப்புட்டியா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், "இல்லலே, இவன் முந்திட்டான். அவுக உருண்டுக்கிட்டு வாராக" என்றார். சிரித்தார்கள். இட்லி விற்கிற அம்மாள்தான் என் முகத்தைப் பார்த்து, "ஏலே, குடையப் பாக்காதீகலே, மொகத்தப் பாருங்க" என்று கத்தினாள். அப்போதுதான் என் வலது கையைப் பார்த்தேன். குடை இருந்தது. தலைக்கு மேலே, நேராக, தினமும் பிடிக்கிற மாதிரியே பிடித்திருந்தேன். பதினான்கு மாதப் பழக்கம். கீழே போட வேண்டும் என்று என் கைக்குத் தோன்றவில்லை.

நாங்கள் போனபோது ஷெட்டின் கூரை விழுந்திருந்தது. விட்டம் அண்ணனின் கால்கள்மேல் கிடந்தது. கம்பெனிக் காவல்காரர், ஒரு கால் ஊனமானவர், தனி ஆளாக அதைத் தூக்கப் பார்த்து இரண்டு கைகளையும் வேகவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னும் ரெண்டு பேரு இருந்தாத் தூக்கியிருப்பேன். ரெண்டே பேரு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நாலு பேராகத் தூக்கினோம். அண்ணனுக்கு நினைவு இருந்தது. கார் இல்லை.

கார் இல்லாததை நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டோம். முதலாளி காரை எங்கோ நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டார் என்று நினைத்தோம். "மொதலாளி! மொதலாளி!" என்று கூப்பிட்டுக்கொண்டு அந்தச் சூட்டில் ஆறு பேர் கம்பால் சாம்பலைக் கிளறினார்கள். அதில் ஒருவர் அண்ணனின் தம்பி. அண்ணனை மண்ணில் கிடத்திவிட்டு, முதலாளியைத் தேடிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு மாட்டு வண்டிக்காரர் வந்து சொன்னார்: "அவுக கார் அப்பவே மெயின் ரோட்டுல போயிருச்சே. எம் மாடு மெரண்டு போச்சு."

கலுங்கிலிருந்து மடை வரை தொள்ளாயிரத்துப் பத்து எட்டு. ஒன்றரைச் சுற்றுக்கு மேல் ஓடியறியாத மனிதர் அதை ஒரே மூச்சில் ஓடியிருக்கிறார். தாங்கிப் பிடிக்க என் தோள் தேவைப்படவில்லை.

அந்த மாட்டு வண்டியில்தான் அண்ணனைச் சிவகாசிக்குக் கொண்டுபோனோம். அவருடைய மனைவி தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் உட்கார்ந்து மைல்கல்லை எண்ணிக்கொண்டு வந்தேன். ஒன்பது மைல். நாலாவது கல்லில் தண்ணீர் கேட்டார். ஆறாவது கல்லுக்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. வண்டியைத் திருப்பும்படி அவள்தான் சொன்னாள். என் பக்கம் பார்க்காமல், "அந்தக் குடைய வண்டியில இருந்து எடுங்க" என்றாள். அப்போதும் அது என் காலடியில் கிடந்தது.

தோட்டத்தில் இருந்தவர்களிடம் மறுநாள் போய்க் கேட்டேன். ஏன் வரவில்லை என்று, ஏதோ அவர்கள்மேல்தான் குற்றம் என்பதுபோல. மூத்தவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார். "பச்சையா ஒரு வெளிச்சம் தெரிஞ்சது தம்பி. பொகையும் பாத்தோம். எவனாச்சும் ஓடுறானான்னு நிமுந்து பாத்தோம். நீங்க ஓடுனீக. குடையோட ஓடுனீக."

முதலாளி பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்தார். எங்கே இருந்தார், யாரை எல்லாம் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. இளைத்திருந்தார். வருவதற்கு முன்பே ஆள் மூலம் சொல்லியனுப்பி, விசாரணைக்கு நான் எழுதிக் கொடுக்க வேண்டியதை எழுத வைத்துவிட்டார். முதலாளி முந்தின நாளே வெளியூர் போய்விட்டார்; நான் ஆபீஸில் இருந்தேன்; தகவல் கிடைத்ததும் போனேன். மூன்று வரி. என் கையெழுத்து அழகாக இருக்கும். அந்தக் காகிதத்தின்படி அன்று காலை கண்மாய்க் கரையில் யாரும் ஓடவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான். அதற்கு மேல் ஒரு காரணம் இருந்ததாக இத்தனை வருடத்தில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வந்த மறுநாள் விடிகாலை சொல்லியனுப்பினார்: "குடைய எடுத்துக்கிட்டு வா." போனேன். மடையிலிருந்து கிளம்பினோம். ஆள்காட்டி கத்தியது. பழையபடி, தலைக்கு மேலே வட்டமிட்டு, விடாமல் கத்தியது. நான் குடையைத் தூக்கிப் பிடித்தேன். இருநூறு எட்டு போயிருப்போம். மிளகாய்த் தோட்டத்தில் இருந்த பதினோரு பேரும் நிமிர்ந்தார்கள். களைக்கொத்தைக் கீழே போட்டார்கள். என்ஜினை ஒருவர் அணைத்தார். எல்லோரும் கரையேறி எங்கள் பின்னால் ஓடி வந்தார்கள். டீக்கடைப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கூட்டத்தில் அண்ணனின் தம்பியும் இருந்தார்.

முதலாளி நின்றார். "என்னப்பா? ஒண்ணுமில்ல. குடை இருக்குல்ல?" என்றார்.

தோட்டத்து மூத்தவர் மூச்சு வாங்க, மரியாதையாகவே சொன்னார். "இருக்கட்டும் மொதலாளி. இனி குடை இருந்தாலும் வருவோம்."

மறுநாளும் வந்தார்கள். எண்ணினேன், ஐம்பத்தெட்டுப் பேர். திட்டவில்லை, கை நீட்டவில்லை. அவர் ஓடினால் ஓடினார்கள், நின்றால் நின்றார்கள். மூன்றாம் நாள் அவர் காரைவிட்டே இறங்கவில்லை. "சனியன் புடிச்ச ஊரு" என்று சொல்லி, ஜன்னல் வழியாகக் கண்மாய்ப் பக்கம் துப்பினார். அதற்குப் பிறகு தன் பங்களாவுக்குள்ளேயே சுற்றி வந்தார் என்று கேள்வி. எழுபத்தொன்பது வயது வரை இருந்தார். குடையை நான் திருப்பிக் கொடுத்தபோது, "நீயே வச்சுக்கலே" என்றார். அந்தக் கம்பெனியிலேயே இன்னும் இருபத்திரண்டு வருடம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தக் கண்மாயைச் சுற்றிச் சிமெண்டுக் கல் பாவி, பெஞ்சு போட்டு, விளக்கு வைத்திருக்கிறார்கள். மகன் சில நாள் காரில் கொண்டுபோய் விடுவான். ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். தண்ணீரில் சாக்கடை கலந்து நாறுகிறது. நேற்று கரையோரம் நாற்பத்தேழு பிளாஸ்டிக் பாட்டில், பதினொரு கொக்கு. கூழைக்கடா இல்லை, ஆள்காட்டி இல்லை. ஓடுகிறவர்கள் மட்டும் நிறைய இருக்கிறார்கள். காதில் எதையோ செருகிக்கொண்டு, மணிக்கட்டில் கட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்கள். எதிரே டீக்கடையில் ஒருவரும் தலை நிமிர்வதில்லை. எனக்கு அவர்கள்மேல் வருகிற எரிச்சல் நியாயமில்லை என்று தெரியும். ஆனால் ஒவ்வொருவர் ஓடி வரும்போதும் என் கால்கள் எழுந்து நிற்கின்றன. முகத்தைப் பார்க்கிறேன். எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள் என்று பார்க்கிறேன். ஒரு பெண் நின்று, "என்ன தாத்தா, எதாவது வேணுமா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை அம்மா, ஓடு என்றேன்.

நேற்று மழை பிடித்துக்கொண்டது. குடை வைத்திருந்த எட்டுப் பேர் விரித்துப் பிடித்துக்கொண்டு கார்களை நோக்கி ஓடினார்கள். ஒவ்வொருவரையும் பார்த்து முடிக்கும்வரை பெஞ்சைவிட்டு நான் நகரவில்லை. மகன் வந்து, "வீட்டுல குடை இருக்குல்ல, எடுத்துட்டு வந்தா என்னப்பா?" என்று கடிந்துகொண்டான். சொட்டச் சொட்ட அறைக்கு வந்தேன். துண்டு அடுத்த ஆணியில் கிடக்கிறது. குடையைத் தாண்டிக் கை நீட்டித்தான் எடுக்க வேண்டும். தலையைத் துவட்டிக்கொண்டே தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.